கவிழ்த்து வைத்த கிண்ணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். எழுத உட்கார்ந்த போதெல்லாம் என் அம்மாவின் கட்டை விரல் வாசனைதான் முதலில் வந்து நின்றது. வறுத்த கடலைத் தோலின் கசப்பும், பாகு முற்றிக் கருகப் போகிற வெல்லத்தின் இனிப்பும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. கோக்கோ வாசனை. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த விரலால் என் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போவாள். நான் விழித்துத்தான் இருப்பேன். கண்ணைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இறுக்கி மூடிக்கொண்டிருப்பேன். எழுத்து அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவது என் வழக்கமாகிவிட்டது.

தயங்கியதற்கு வேறு காரணமும் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். படிப்பும் பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் நான் என் அம்மாவிடம் மட்டும் ஒருநாள் வாய் திறந்து சொன்னது, இன்று எங்கள் தெருவில் இரண்டு விதமாக நடமாடுகிறது. அந்த இரண்டும் நடந்ததில்லை. ஆகையால் ஆண்டவரை வேண்டிக்கொண்டு, தெரிந்த தமிழில், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் கடலை ஒட்டிய சந்துகளில் ஒன்றில் இருந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்தால் மூக்கு எரியும், காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் கருவாடு, மணலியிலிருந்து வந்தால் அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்று நினைக்க வைக்கும் கேஸ் வாடை. அந்த மணலிக் காற்றிலேயே சில நாள் மட்டும், எல்லா வாடைக்கும் அடியிலிருந்து மெல்லக் கிளம்பி வருவதுபோல, சாக்லேட் மணக்கும். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, "டேய், சாக்லேட் காத்து வந்துச்சுடா" என்று கத்துவார்கள். அது என் அம்மா வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்த காற்று.

மாத்தூர் போகிற வழியில் இருந்தது அந்தக் கம்பெனி. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சாக்லேட் உருண்டைகளை அங்கே செய்தார்கள். சோள மாவும் கோதுமை மாவும் மிஷினுக்குள் போய்ப் பொரிந்து உருண்டை உருண்டையாய் விழும். அதைச் சுற்றிக்கொண்டே இருக்கிற பெரிய பீப்பாயில் போட்டு, மேலே கோக்கோப் பாகைத் தெளித்து, காய வைத்து, பெட்டியில் அடைப்பார்கள். அம்மாவுக்கு "தூள் ரூம்". கப்பலில் வந்து இறங்கிய கோக்கோத் தூள் காகித மூட்டைகளில் வரும். அதைப் பிரித்து, கட்டி இல்லாமல் சலித்து, சர்க்கரையோடு சேர்த்துப் பாகு காய்ச்சுகிற இடத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். "உங்கப்பன் எறக்கி வச்ச மூட்டைய நான் பிரிச்சிகினு கீறேன்" என்று அம்மா சில சமயம் சொல்வாள். அவர் இறக்கிய மூட்டைகள் எப்போதோ தீர்ந்திருக்கும். ஆனாலும் அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

சாப்பிடுகிற பொருள் செய்கிற இடம் என்பதால் அங்கே கட்டுப்பாடு அதிகம். தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, மேலே வெள்ளைக் கோட்டு. வளையல் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது. எங்கள் எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தையும் அதே கம்பெனியில்தான் இருந்தாள். கேட்டுக்குள் நுழையுமுன் எல்லாப் பெண்களும் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து வேனின் ஜன்னல் கம்பியில் ஒட்டிவிட்டுப் போவார்கள், திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள். எது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் தினமும் ஒரு சண்டை நடக்கும். என் அம்மாவுக்குப் பொட்டு கிடையாது. ஆனால் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று, வேன் வருமுன் இருட்டோடு நடக்கிற முதல் பூசையில் சாமியார் நெற்றியில் பூசிய சாம்பலை அவளும் அந்தக் கேட்டில் நின்று குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டியிருந்தது. கன்னியம்மா அத்தை கேலி செய்வாள்: "இன்னா ஆரோக்கியம், ஒரு மணி நேரங்கூட வச்சிக்கல, சாமி கோச்சிக்காதா?" அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அது உள்ள பூந்துருச்சி, நீ உன் பொட்டைத் தேடு" என்பாளாம்.

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவள் உடம்பிலிருந்து கோக்கோ போகாது. முடியில் இருக்கும், நகக்கண்ணில் இருக்கும். கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

சனிக்கிழமை தோறும் கம்பெனியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் "உடைசல்" கொடுப்பார்கள். உடைந்தது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, பாகு சரியாகப் பிடிக்காதது, இவையெல்லாம் பெட்டிக்குப் போகாது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "சாக்லேட் பொரி". மற்ற வீடுகளில் அது சாயங்காலத் தீனி. எங்கள் வீட்டில் அதுதான் காலை "நாஸ்தா". விடிவதற்கு முன்னால் வேன் வந்துவிடும், அதற்குள் உலை வைக்க முடியாது. ஆகையால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பொரியைப் போட்டு, அதன்மேல் தட்டைப் போட்டு மூடி, பக்கத்தில் பிளாஸ்கில் டீயை ஊற்றி வைத்துவிட்டுப் போவாள் அம்மா. பெட்டியின் படத்தில் வெள்ளைப் பாலில் மிதக்கும். எங்கள் வீட்டில் பால் டீக்கே போதாது. நான் ஒருநாள் படத்தைக் காட்டிக் கேட்டபோது கன்னியம்மா அத்தை முந்திக்கொண்டாள்: "பால்ல போட்டா பாலு கலீஜாய்டும்டி. டீல போட்டுப் பாரு, டீயே சாக்லேட்டாய்டும். பணக்காரனுக்கு இந்த மேட்டர் தெரியாது, நீ வெளிய சொல்லிடாத."

அவள் சொன்னது உண்மைதான். டீயில் ஊறிய பொரி நன்றாகவே இருக்கும். நன்றாக இல்லாதது அந்த வீடு.

அம்மா போன பிறகு வேன் சத்தம் தெருமுனை திரும்பி மறைகிற வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் கடல் சத்தம் மட்டும். எங்கள் சந்தில் பாதிப் பெண்கள் அந்த வேனில்தான் போய்விடுவார்கள். ஆண்கள் கடலுக்கோ துறைமுகத்துக்கோ போயிருப்பார்கள். நான் எழுந்து, மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, ஜெபம் சொல்லி, பொரியைச் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடிக்கு எதிரே நிற்பேன். பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடையை மடித்துக் கட்டி ரிப்பன் வைத்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு நானே பின்மண்டையில் வகிடு எடுக்க வராது. ஒற்றைச் சடையாகத்தான் போவேன். டீச்சர் வாசலிலேயே நிறுத்துவார். பின்வரிசைப் பெண்கள், "ஒத்த ஜடை, சாக்லேட் பொரி, உங்கம்மா எங்க? டிரம்முல ஊறுதா?" என்று ராகம் போடுவார்கள். அம்மா ஓவர்டைம் முடிந்து வரும்போது விளக்கு வைத்திருக்கும். சோறாக்கி எனக்குப் போட்டுவிட்டு, தட்டில் கை இருக்கும்போதே தூங்கிவிடுவாள். அவளிடம் சடையைப் பற்றியெல்லாம் சொல்ல எனக்கு மனம் வராது.

பெட்டி அடைக்கிற இடத்துக்கு மாற்றிக்கொடுத்தால் ஒன்பது மணிக்குப் போனால் போதும் என்று அம்மா சூபர்வைசரிடம் கேட்டுப் பார்த்தாள். தூள் ரூமுக்குப் பழகின ஆள் வேறு இல்லை என்று சொல்லிவிட்டார். "வேல தெரிஞ்சவளா கீறதே பேஜாரு" என்று அன்று இரவு முனகிக்கொண்டாள்.

அந்த வருஷம் தவக்காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பாமல், கண்ணை மூடி மனதுக்குள்ளே ஒரு "ஒறுத்தல்" எடுத்துக்கொள்ளச் சொன்னார். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக உயிர்த்த ஞாயிறு வரைக்கும் விட்டுவிடுங்கள், எதை விட்டீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டிலும் கூடாது, சொன்னால் அதன் பலன் போய்விடும் என்றார். "சாக்லேட், மிட்டாய், டிவி, இப்படி ஏதாவது" என்றும் சொன்னார். மற்றப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் என்பது பிறந்த நாளுக்கு வருவது. அதை விட்டால் ஒரு நாள் ஆசை போகும், அவ்வளவுதான். எனக்குச் சாக்லேட் என்பது காலைச் சாப்பாடு. அந்த வித்தியாசம் சிஸ்டருக்குத் தெரிய வழியில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. எல்லாரையும்போல நானும் கண்ணை மூடிக்கொண்டு சாக்லேட்டை விட்டேன்.

விட்டது மட்டுமில்லை, கூடவே ஒன்று நேர்ந்துகொண்டேன். கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நான் சாக்லேட் பொரி வாயில் வைக்க மாட்டேன். எங்கம்மா காலையில வீட்ல இருக்கணும்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். வாசனை முகத்தில் அடித்தது. பொரியை டப்பாவில் திரும்பக் கொட்டினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். விட்டதை இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் எங்கள் சந்தில் விழித்திருந்த இல்லாதவர்கள் காக்காய்கள்தான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடலோரம் போனேன். அலை அரிக்காமலிருக்கப் பெரிய கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஒரு கல்லின்மேல் கொட்டிவிட்டு எட்டி நின்றேன். முதலில் சந்தேகமாய் ஒன்று வந்தது, கொத்திப் பார்த்தது, அப்புறம் ஒரு கூட்டமே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வெறும் டீயைக் குடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அதன்பின் தினமும் இதே வேலை. மத்தியானம் பள்ளிக்கூடச் சத்துணவு வருகிற வரைக்கும் வயிறு தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். இரண்டாவது பீரியடில் கரும்பலகை எழுத்துகள் நகர்வதுபோல இருக்கும், தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவேன். பசி அவ்வளவு பெரிய கஷ்டமாக இல்லை. அதைச் சொல்ல ஆளில்லாததுதான் கஷ்டமாக இருந்தது. அம்மாவிடமே சொல்லக் கூடாத ஒன்று என் வாழ்க்கையில் அதுதான் முதல். அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கிண்ணத்தைத்தான். கவிழ்ந்திருக்கும். ஒன்றும் கேட்க மாட்டாள், முகம் மட்டும் கொஞ்சம் தெளியும். அந்தக் காக்காய்கள் போகப் போக எனக்கு முன்னாலேயே கல்மேல் வந்து காத்திருக்க ஆரம்பித்தன. காலையில் எனக்காகக் காத்திருந்தவை அவை மட்டுந்தான் என்று நினைக்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

குருத்தோலை ஞாயிறு முடிந்து, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பாடுகளின் வாரம். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வெயில் இன்னும் இறங்கவில்லை, எங்கள் வீட்டு வாசலில் அம்மாவின் செருப்பு கிடக்கிறது. அந்த நேரத்தில் அந்தச் செருப்பை அங்கே நான் பார்த்ததே இல்லை. நேர்ந்தது பலித்துவிட்டது என்று பையோடு உள்ளே ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வெள்ளைத் தொப்பி. எதிரே கன்னியம்மா அத்தை, நெற்றியில் பொட்டு இல்லாமல்.

"இன்னாமா, சீக்கிரம் வந்துட்ட?" என்றேன்.

கன்னியம்மா அத்தைதான் சொன்னாள்: "இனிமே உங்கம்மா வூட்லதான்டி. கம்பெனிய இஸ்து மூடிட்டான். மிஷின வேற ஊருக்குத் தூக்கினு போறானாம். அத்தினி பேரையும் கேட்டாண்ட நிக்க வச்சி, நாளைலேந்து வராதீங்கன்னுட்டான்."

"பொட்டை எடுக்கலியா அத்தை?"

"வேன் அப்பவே போய்ட்சி. என் பொட்டும் அதோட போய்ட்சி." சிரிக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அம்மாவிடம் திரும்பி, "நல்லா ஓடிகினு இருந்த கம்பெனி ஆரோக்கியம். எவளோ வயிறெரிஞ்சி சாமிகிட்ட கேட்டுக்கீறா. இல்லன்னா இப்புடி ஆவுமா?" என்றாள்.

அது எனக்குச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத்தான் கேட்டது. கேட்டவள் யார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் பெரிய வியாழன். கண் விழித்தேன். பக்கத்தில் அம்மா. வெளியே நன்றாக விடிந்திருந்தது. கையில் சீப்பு. "ஏந்திரு ஸ்டெல்லா, தல வாரலாம்" என்றாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டினாள். எத்தனையோ காலையில் நான் கேட்டது அதைத்தான். அவள் விரல் தலையில் படப்பட எனக்கு உடம்பு நடுங்கியது. "குளுருதா?" என்றாள். தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடம் அன்று லீவு என்பது இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

சனிக்கிழமை நள்ளிரவுப் பூசை முடிந்து, உயிர்த்த ஞாயிறு காலையில் அம்மா டப்பாவின் அடியிலிருந்த கடைசி உடைசலைக் கிண்ணத்தில் போட்டு, டீயை ஊற்றி என் முன்னால் வைத்தாள். என் ஒறுத்தல் முடிந்துவிட்டது, இனிமேல் சாப்பிடலாம். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். உள்ளே இறங்கவில்லை, அழுகை வந்துவிட்டது. கம்பெனியை நினைத்து அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒருவகையில் அதுவும் சரிதான்.

அதற்கப்புறம் அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. ஆகவே காலையில் தினமும் வீட்டிலிருந்தாள், தினமும் இரட்டைச் சடை போட்டாள். நெற்றியில் சிலுவை போடுகிற விரலில் கோக்கோ போய் இறால் வாடை வந்தது, இறால் முள் குத்திக் குத்தி அந்த விரல் வெடித்தும் போனது. நான் கேட்டது கேட்டபடியே கிடைத்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாவை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கன்னியம்மா அத்தை வீட்டு வேலைக்குத் தண்டையார்பேட்டை வரை நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சந்துக்குள் ஒளிந்துகொள்வேன். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆண்டவர் அப்படியெல்லாம் கம்பெனியை மூட மாட்டார்மா, போ" என்று சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சிரிப்போடு வெளியே வந்தபோது முன்னைவிடத் தனியாக இருந்தேன். வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் தவக்காலம் வந்தால் எனக்குள் அந்தச் செருப்பு வந்து கிடக்கும்.

சில வருஷங்களுக்கு முன்புதான் அது நடந்தது. அம்மாவுக்கு முட்டி போய்விட்டதால் எங்களோடுதான் இருந்தாள். தவக்காலம் தொடங்குகிற நேரம். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள், அதே மாதிரி சாக்லேட் உருண்டையைப் பாலில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, "மம்மி, நான் இந்த வருஷம் இத விடப்போறேன்" என்றாள். நான் என்னை அறியாமல் கத்திவிட்டேன்: "வேணாம்! அத மட்டும் விடாத!"

பிள்ளை பயந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "இன்னாத்துக்குடி புள்ளகிட்ட இப்புடிக் கூவற?"

இனி மறைக்க முடியவில்லை. தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் சொன்னது, அந்தோணியார் பாதம், நேர்ந்துகொண்டது, வாசலில் செருப்பு. சொல்லி முடித்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பூண்டுத் தோல் பறக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அடிப்பாவி! நீ ஒருத்தி துன்னாம வுட்டதுக்கா அம்மாம் பெரிய கம்பெனிய மூடுனான்? அதுக்கு முந்தின தீவாளிக்கே ஆளுங்க வந்து மிஷின அளவெடுத்துகினு போய்ட்டாங்கடி. எப்போ மூடுவான், எப்போ மூடுவான்னு நாங்க வயித்துல நெருப்பக் கட்டிகினு இருந்தோம். உன்னாண்ட சொல்லல. கொழந்தைகிட்ட இன்னான்னு சொல்றது?"

அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. ஒரே வீட்டில், ஒரே பாயில், அவள் ஒன்றை மறைத்துக்கொண்டும் நான் ஒன்றை மறைத்துக்கொண்டும் படுத்திருக்கிறோம். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் அம்மாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இரு. அப்போ காலையில நீ இன்னாத்த துன்ன?"

"டீ குடிப்பேன்மா."

"டீ சரி. துன்றதுக்கு?"

"ஒண்ணும் இல்லமா."

"உயிர்த்த ஞாயிறு வரைக்குமா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"கிண்ணம் கவுந்து கீதே" என்றாள், இப்போதும் அது கண் முன்னால் இருப்பதுபோல. "வந்து பாத்தா தெனம் கழுவிக் கவுத்து வச்சிருப்பியே. வயித்துக்குள்ள போச்சின்னுதான நான் நெனச்சேன்." கீழே வைத்த பூண்டை விரலால் தள்ளிவிட்டாள். "அந்த ரூமுல தூளு பறக்கும், ஒண்ணும் தெரியாது. சலிச்சிகினே இருப்பேன். இந்நேரம் புள்ள ஏந்திருக்கும், இந்நேரம் தட்டத் தொறந்திருக்கும், இந்நேரம் துன்னுகினு இருக்கும், அப்டின்னு நெனச்சிகினு இருப்பேன். அத நெனச்சிதான்டி நான் நின்னுகினு இருந்தேன்."

கம்பெனியைப் பற்றி அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டி வலியோடு அடுப்படிக்குப் போய், என் மகளின் பெட்டியிலிருந்து உருண்டைகளை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டாள். பால் இருந்தது, அதைத் தொடவில்லை. டீ போட்டு, ஆற்றி, அதன்மேல் ஊற்றி, ஒரு தட்டைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"துன்னு."

"அம்மா, நான் இப்பத்தான் இட்லி..."

"துன்னுடி. நான் பாக்கணும்."

தட்டைத் திறந்தேன். அதே வாசனை. நான் சாப்பிட்டு முடிக்கிற வரை என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் பழக்கத்தில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "குடு. நானே கழுவி வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். குழாயடியில் ரொம்ப நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அம்மா இப்போது இல்லை. அன்று நான் சொன்னதை, மறுநாள் பார்க்க வந்த கன்னியம்மா அத்தையிடம் அவள் சொல்லியிருக்கிறாள். அத்தை வாய் வழியாகத் தெருவுக்குப் போயிருக்கிறது. தெருவில் பாதிப் பேர், "ஸ்டெல்லா சாமிகிட்ட கேட்டே கம்பெனிய மூட வச்சிட்டா" என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். ஜெபக் கூட்டத்துப் பெண்களோ, இது அந்தோணியார் செய்த புதுமை, பெரிய அற்புதம், வந்து சாட்சி சொல்லு என்று கூப்பிடுகிறார்கள். அந்தோணியார்மேல் எனக்குள்ள விசுவாசம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இந்தச் சாட்சியை நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் டீசல் வாடைதான் அடிக்கிறது. நான் பொரி போட்ட கல்லைக் கடல் எப்போதோ உள்ளே இழுத்துக்கொண்டது, புதுக் கற்கள் கொட்டியிருக்கிறார்கள். மணலிக் காற்று இன்றும் வீசுகிறது. ஆனால் எந்தப் பிள்ளையும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. காலையில் மகளுக்குப் பெட்டியைப் பிரித்துக் கொட்டும்போது ஒரு கணம் அந்த வாசனை வரும். அப்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். ஆனால் புதுமை என்று கூட்ட வேண்டாம், வேடிக்கை என்று குறைக்கவும் வேண்டாம். ஒரு தவக்காலம் முழுக்க ஒரு பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதன் தாய் தூள் பறக்கிற அறையில் நின்றுகொண்டிருந்தாள். இது மட்டுந்தான் நடந்தது. இதை மாற்றாமல் சொல்லுங்கள்.